சிற்றலை எப்படி அவ்வளவு தூரம் போகிறது?

எங்கள் வீட்டு ரேடியோப் பெட்டியில் அலை மாற்றும் குமிழ் ஒன்று இருந்தது. மத்திய அலை, சிற்றலை ஒன்று, சிற்றலை இரண்டு என்று மூன்று இடங்களில் 'டக்'கென்று நிற்கும். இரவு 9.15 நெருங்கினால் அப்பா அதைச் சிற்றலைக்குத் திருப்பிவிட்டு, முள்ளை மயிரிழை இந்தப் பக்கம், மயிரிழை அந்தப் பக்கம் என்று நகர்த்திக்கொண்டிருப்பார். கடல் இரைவது போன்ற சத்தத்துக்குள்ளிருந்து பிபிசி தமிழோசை எழுந்து வரும். கொஞ்சம் தேயும், மறுபடி பெருகும். செய்தி முடிகிற வரை வீட்டில் யாரும் பாத்திரம் உருட்டக் கூடாது.

மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் முள் நிற்கவேண்டிய இடம் மாறிவிடும். அப்பா புது இடத்தைத் தினசரி காலண்டர் அட்டையின் பின்பக்கம் பென்சிலால் குறித்துவைப்பார். "ஏம்ப்பா மாத்துறாங்க?" என்று கேட்டால், "வெயிலுக்கு ஒண்ணு, பனிக்கு ஒண்ணு" என்பார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றே பல வருடம் நினைத்திருந்தேன். பொழுதுபோக்காக ரேடியோவில் ஊர்விட்டு ஊர் பேசிக்கொள்வார்களே, அந்த ஹாம் ரேடியோவின் உரிமத் தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்த பிறகுதான், அப்பா சொன்னதில் பெரும்பகுதி சரி என்று தெரிந்தது.

முதலில் பெயரைப் பார்த்துவிடுவோம். 3 மெகாஹெர்ட்ஸ் முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள ரேடியோ அலைகளுக்கு உயர் அதிர்வெண் அலைகள் என்று பெயர். வானொலி கேட்பவர்களுக்கு இவையே சிற்றலை. ஒரே பொருளுக்கு ஒரு பக்கம் 'உயர்', மறுபக்கம் 'சிறு' என்று வருவது முதலில் குழப்பும். அதிர்வெண் கூடக் கூட அலையின் நீளம் குறையும், அவ்வளவுதான். 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைத்துவிடும். 10 மெகாஹெர்ட்ஸ் என்றால் 30 மீட்டர். பழைய அறிவிப்பாளர்கள் '31 மீட்டர்', '25 மீட்டர்' என்று சொன்னதெல்லாம் இந்தக் கணக்குத்தான். பெயர் வைத்த காலத்தில் இது உயரம். இன்றைக்கு நம் எஃப்எம் 100 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கிறது, கைபேசி அதற்கும் பல மடங்கு மேலே போய்விட்டது. பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

சரி, கைபேசி அலையும் எஃப்எம் அலையும் ஏன் இவ்வளவு தூரம் போவதில்லை?

அவை நேர்கோட்டில் போகின்றன, பூமி வளைந்திருக்கிறது. ஆன்டெனாவிலிருந்து பார்த்தால் தொடுவானம் வரை எட்டும், அதற்கு அப்பால் தரை கீழே இறங்கிவிடும், அலை மேலே வானத்துக்குப் போய்விடும். அதனால்தான் கொடைக்கானல் பண்பலை 100.5 தென்மாவட்டங்களில் அவ்வளவு தூரம் கேட்கிறது. மலைமேல் நிற்பவனுக்குத் தொடுவானம் தள்ளித்தானே இருக்கும்? ஆனால் எவ்வளவு உயரமான மலையில் நட்டாலும் இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் போவது கஷ்டம். லண்டன் எண்ணாயிரம் கிலோமீட்டர்.

கானல் நீரைப் பார்த்திருப்பீர்கள். சித்திரை மாதம் நாற்கரச் சாலையில் போகும்போது, தூரத்தில் தார்மேல் தண்ணீர் தேங்கியது போலத் தெரியும். உண்மையில் அது வானத்தின் வெளிச்சம். தாரை ஒட்டிய காற்று சூடாகவும் மேலே உள்ள காற்று அதைவிடக் குளிர்ச்சியாகவும் இருப்பதால், கீழே இறங்கி வந்த வெளிச்சம் தரையில் படாமலேயே வளைந்து மேலேறி நம் கண்ணுக்கு வந்துவிடுகிறது. இதையே தலைகீழாக, வானத்தில் முன்னூறு கிலோமீட்டர் உயரத்தில் நடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்துக்குப் பதிலாக ரேடியோ அலை, சூடான காற்றுக்குப் பதிலாக எலக்ட்ரான் கூட்டம்.

அந்த உயரத்தில் காற்று மிக மெல்லியது. சூரியனின் புற ஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் அங்கிருக்கும் அணுக்களைத் தாக்கி, எலக்ட்ரான்களைப் பிய்த்தெடுத்துவிடுகின்றன. பிய்ந்தவை திரும்ப ஒட்டிக்கொள்ள நேரம் பிடிக்கும், ஏனென்றால் சுற்றுவட்டத்தில் கூட்டமே இல்லை. இப்படிச் சுதந்திரமாகத் திரியும் எலக்ட்ரான்கள் நிறைந்த பகுதிதான் அயனி மண்டலம். கீழிருந்து வரும் சிற்றலை அந்த எலக்ட்ரான்களை ஆட்டிவிடும். ஆடும் எலக்ட்ரான்கள் அலையின் போக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பும். மேலே போகப் போகக் கூட்டம் அடர்த்தியாவதால் அலை இன்னும் வளையும், கடைசியில் முழுக்க வளைந்து தரையை நோக்கி இறங்கிவிடும். 'வானத்தில் பட்டுத் திரும்புகிறது' என்று சுருக்கமாகச் சொல்கிறோம். நடப்பது கானல் நீரின் வளைவுதான்.

இறங்கிய அலை சில ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி எங்கோ தரையில் விழும். தரையோ கடலோ அதை மறுபடி மேலே தட்டிவிடும். கடல்நீர் இதில் நல்ல கெட்டிக்காரன், வறண்ட மணல் அவ்வளவு போதாது. இப்படி ஒருமுறை மேலே போய் இறங்குவதை ஒரு தத்தல் என்று வைத்துக்கொண்டால், அதற்கு அதிகபட்சம் சுமார் 4,000 கிலோமீட்டர் கிடைக்கும். அப்படி இரண்டு மூன்று தத்தலில் கண்டம் விட்டுக் கண்டம் போய்விடலாம். ஒவ்வொரு தத்தலிலும் கொஞ்சம் சக்தி போய்விடும் என்பதால், பெரிய ஒலிபரப்பு நிறுவனங்கள் வழியில் மறு ஒலிபரப்பு நிலையங்கள் வைத்திருந்தன. பிபிசிக்குச் சிங்கப்பூரில் ஒன்று, சைப்ரஸில் ஒன்று, ஓமானில் ஒன்று. லண்டன் குரல் எங்கள் ஜன்னலுக்கு நேரே வருகிறது என்று சின்ன வயதில் நம்பியதில், பின்னாளில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

ஓட்டாஞ்சில்லு எறிந்து விளையாடியவர்களுக்கு அடுத்த விஷயம் சுலபமாகப் புரியும். குளத்தில் சில்லைப் படுக்கை வாட்டில் வீசினால் தத்தித் தத்திப் போகும், செங்குத்தாகப் போட்டால் 'களுக்'கென்று மூழ்கிவிடும். சிற்றலையும் அப்படித்தான். சாய்வாக மேலே போனால் அயனி மண்டலம் சுலபமாகத் திருப்பிவிடும். நேர் மேலே போனால், அதிர்வெண் குறைவாக இருந்தால் மட்டும் திருப்பும், கொஞ்சம் கூடினாலும் துளைத்துக்கொண்டு விண்வெளிக்குப் போய்விடும். எஃப்எம் அலைகள் எந்தச் சாய்வில் போனாலும் பெரும்பாலும் துளைத்துவிடும். செயற்கைக்கோளோடு பேச இந்த எல்லைக்கு மேலே உள்ள அலைகள் தேவைப்படுவதும் அதனால்தான். கூரையைத் தாண்டிப் போகவேண்டியவனுக்குக் கூரை தடையாக இருக்கக் கூடாது.

புறம்போக்கில் கிடைத்த புதையல்

இதெல்லாம் தெரிந்துகொண்டு யாரும் தொடங்கவில்லை. 1901 டிசம்பர் 12 அன்று, இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் போல்டு என்ற ஊரிலிருந்து அனுப்பிய மோர்ஸ் எழுத்து ஒன்றை, மூன்று புள்ளிகள் மட்டும், அட்லாண்டிக்கின் மறுகரையில் நியூஃபவுண்ட்லாந்தில் கேட்டதாக மார்க்கோனி அறிவித்தார். காற்றாடியில் கம்பியைக் கட்டிப் பறக்கவிட்டு அதையே ஆன்டெனாவாக வைத்திருந்தார். நேர்கோட்டில் போகும் அலை எப்படி அவ்வளவு வளைவைத் தாண்டியது? மறு வருடமே அமெரிக்காவில் கென்னலியும் இங்கிலாந்தில் ஹெவிசைடும், தனித்தனியாக, மேலே மின்சாரம் கடத்தும் ஓர் அடுக்கு இருக்கவேண்டும் என்றார்கள். 1924-இல் எட்வர்ட் ஆப்பிள்டன் அதைச் சோதனை செய்து நிரூபித்தார், 1947-இல் நோபல் பரிசு வாங்கினார். மார்க்கோனி அன்றைக்கு உண்மையிலேயே கேட்டாரா, மின்னல் கிளப்பும் ரேடியோ இரைச்சலைத்தான் கேட்டாரா என்று இன்றும் சண்டை உண்டு. அவர் கேட்டது பட்டப்பகலில், பயன்படுத்தியது சிற்றலையைவிட நீளமான அலை. அந்தச் சந்தேகத்துக்கு ஏன் இடம் இருக்கிறது என்று கொஞ்ச நேரத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

எனக்குப் பிடித்த பகுதி அதற்கடுத்தது. 1912-இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. பொழுதுபோக்காக ரேடியோ வைத்திருப்பவர்கள் 200 மீட்டருக்குக் கீழே உள்ள அலைநீளங்களில் மட்டும் இருந்துகொள்ள வேண்டும். தூரம் போக நீண்ட அலைதான் சரி என்று எல்லோரும் நம்பிய காலம் அது. சிற்றலை ஒன்றுக்கும் உதவாத புறம்போக்கு, பையன்கள் அங்கே விளையாடிவிட்டுப் போகட்டும் என்று ஒதுக்கிவிட்டார்கள். அந்தப் பையன்கள் 1923 நவம்பரில் சுமார் 110 மீட்டரில் அமெரிக்காவுக்கும் பிரான்சுக்கும் இடையே இருவழியாகப் பேசிக்கொண்டார்கள். 1924 அக்டோபரில் லண்டனில் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து நியூசிலாந்தின் ஓர் ஆட்டுப் பண்ணைக்குச் செய்தி போனது. அதற்குமேல் தூரம் போகவேண்டும் என்றால் பூமியில் இடமில்லை. பார்த்துக்கொண்டிருந்த அரசாங்கங்களும் கம்பெனிகளும் புறம்போக்குக்குப் பட்டா போட ஓடிவந்தன.

பகலுக்கு மேலே, இரவுக்குக் கீழே

அப்பாவின் 'வெயிலுக்கு ஒண்ணு, பனிக்கு ஒண்ணு' இங்கே வருகிறது. சிற்றலையில் புதிதாக இறங்குபவர் ஒன்றே ஒன்றைக் கற்றுக்கொண்டால் போதும் என்றால், நான் இதைத்தான் சொல்வேன்.

அயனி மண்டலம் ஒரே அடுக்கு கிடையாது. தரையிலிருந்து 60 முதல் 90 கிலோமீட்டர் வரை டி அடுக்கு, அதற்கு மேல் நூறு கிலோமீட்டரை ஒட்டி ஈ அடுக்கு, 150-க்கு மேல் எஃப் அடுக்கு. தூரம் போக உதவுவது பெரும்பாலும் எஃப் அடுக்கு. கெடுப்பது டி அடுக்கு. அங்கே காற்று ஓரளவு அடர்த்தி. அலை வந்து எலக்ட்ரானை ஆட்டினால், அது ஆடி முடிப்பதற்குள் பக்கத்து மூலக்கூறின்மேல் மோதிவிடும். அலையின் சக்தி அங்கேயே சூடாகிக் கரைந்துபோகும். நனைந்த சாக்கைத் தொங்கவிட்டது போல. அதிர்வெண் குறையக் குறைய இந்தச் சாக்கு அதிகமாக உறிஞ்சும். 15 மெகாஹெர்ட்ஸ் ஓரளவு தப்பிவிடும், 5 மெகாஹெர்ட்ஸ் நண்பகலில் பெரும்பாலும் காலி.

சூரியன் மறைந்ததும் டி அடுக்கு கலைந்துவிடுகிறது. எலக்ட்ரான்கள் சீக்கிரமே அணுக்களோடு திரும்பச் சேர்ந்துவிடுவதால் சாக்கு விலகிவிடும். பகலில் பக்கத்து மாவட்டம்கூடத் தாண்டாத மத்திய அலை நிலையங்கள், ராத்திரியில் இலங்கையிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வருவது இதனால்தான். மார்க்கோனி பகலில் கேட்டாரா என்ற சந்தேகமும் இதனால்தான்.

இரவில் இன்னொன்றும் நடக்கிறது. எஃப் அடுக்கு கலையாது, ஆனால் மெலியும். பகலில் 20 மெகாஹெர்ட்ஸைத் திருப்பிய கூரை, நள்ளிரவில் 9 அல்லது 10-ஐத்தான் திருப்பும், அதற்கு மேலே போனால் துளைத்துவிடும். ஆக எந்த நேரத்துக்கும் ஒரு ஜன்னல் இருக்கிறது. கீழ் விளிம்பைச் சாக்கு தீர்மானிக்கிறது, மேல் விளிம்பைக் கூரை தீர்மானிக்கிறது. பகலில் ஜன்னல் மேலே ஏறும், இரவில் கீழே இறங்கும். சிற்றலை இயக்குபவரின் வேலை முழுக்க அந்த ஜன்னலைத் துரத்துவதுதான்.

இப்போது பிபிசியைப் பாருங்கள். நமக்கு இரவு 9.15 என்றால் கிரீன்விச்சில் பிற்பகல் 3.45. அலை லண்டனிலிருந்து நேரே வருவதாகவே வைத்துக்கொள்வோம். டிசம்பரில் அங்கே அது சூரியன் மறைகிற நேரம், ஏறத்தாழ முழுப் பாதையும் இருட்டுக்குள் போய்விட்டது. ஜூனில் அதே கடிகார நேரத்தில் லண்டனுக்கு இன்னும் நாலரை மணி நேர வெளிச்சம் பாக்கி, பாதையில் பெரும்பகுதி வெயிலில் இருக்கிறது. ஒரே நிகழ்ச்சி, ஒரே நேரம், ஆனால் அலை கடந்துவரும் வானம் வேறு. அதனால் உலகச் சிற்றலை நிலையங்கள் வருடத்துக்கு இரண்டு அட்டவணை போடுகின்றன. அப்பாவின் பென்சில் குறிப்பு அந்த அட்டவணையின் எங்கள் வீட்டுப் பிரதி.

பக்கத்தில் கேட்காது, தூரத்தில் கேட்கும்

உரிமம் வாங்கிய புதிதில், ஒரு நாள் மத்தியானம் 14 மெகாஹெர்ட்ஸில் மதுரை நண்பரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். சென்னைக்கும் மதுரைக்கும் நேர்க்கோட்டில் 420 கிலோமீட்டர். பதிலே இல்லை. அவர் கைபேசியில் அழைத்து, "சார், நான் பத்து நிமிஷமா உங்களைத்தான் கூப்பிடுறேன், செட்டை ஆன் பண்ணினீங்களா?" என்றார். எங்கள் இருவரையும் கேட்டுக்கொண்டிருந்த தில்லிக்காரர் ஒருவர் நடுவில் வந்து, இருவர் சொன்னதையும் மாற்றி மாற்றிச் சொன்னார். தில்லி எங்கள் இருவருக்குமே ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்கு மேல்.

வெட்கப்பட ஒன்றுமில்லை, சில்லு கணக்குத்தான். தரையை ஒட்டிப் போகும் அலை சில பத்து கிலோமீட்டரிலேயே செத்துவிடும். வானத்துக்குப் போய்த் திரும்பும் அலை சாய்வாகப் போனால்தான் திரும்பும் என்பதால், விழும் இடம் நெடுந்தொலைவில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒன்றும் விழாத ஒரு வளையம் உண்டு. ஹாம்கள் அதை 'ஸ்கிப்' என்பார்கள். அன்றைக்கு மதுரை என் ஸ்கிப்புக்குள் மாட்டிக்கொண்டது. மறுநாள் காலை 7 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கினோம், பக்கத்துத் தெருவில் பேசுவது போல இருந்தது. தென்னிந்திய ஹாம்கள் காலையில் அந்தப் பட்டையில் கூடிப் பேசுவது சும்மா பழக்கத்தால் வந்ததில்லை. குறைந்த அதிர்வெண்ணை நேர் மேலே அனுப்பினாலும் கூரை திருப்பிவிடுகிறது. தோட்டத்துக் குழாயை வானத்தை நோக்கிப் பிடித்தால் தண்ணீர் நம்மைச் சுற்றியே விழுமே, அதுபோலச் சில நூறு கிலோமீட்டருக்குள் எங்கும் விழும். மலை குறுக்கே நின்றாலும் கவலையில்லை, அலை வருவது தலைக்கு மேலிருந்து. மலைப்பகுதியில் ராணுவமும் மீட்புக் குழுக்களும் இந்த உத்தியை விரும்புவதற்குக் காரணம் அதுதான்.

ஆன்டெனா பற்றி இரண்டு வார்த்தை. அது பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. அலைநீளத்தில் பாதி நீளத்துக்குச் செப்புக் கம்பி, நடுவில் வெட்டி, வெட்டிய இரண்டு முனையிலும் கேபிளின் இரண்டு இழைகள். 14 மெகாஹெர்ட்ஸுக்கு மொத்தம் சுமார் 10 மீட்டர், 7 மெகாஹெர்ட்ஸுக்கு 20 மீட்டர். என்னுடையது மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து பக்கத்து வீட்டுத் தென்னை வரை போகிறது. தேங்காய் பறிக்க ஆள் வரும் நாளில் மட்டும் கழற்றவேண்டும். செட்டின் திறன் 100 வாட், அந்தக் காலக் குண்டு பல்பு ஒன்று எரிய ஆகும் மின்சாரம். ஒரு சாயங்காலம் இதை வைத்துக்கொண்டு இத்தாலியில் ஒரு பெரியவரோடு பேசினேன், ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல். 'ஃபைவ் நைன்' என்றார். தெளிவும் வலுவும் முழுசாக இருக்கிறது என்று அர்த்தம். பின்னால் அவர் வீட்டு நாய் குரைத்தது கேட்டது.

அவ்வளவு குறைந்த திறனில் குரல் போவதற்கு ஒரு சிக்கன வித்தை உண்டு. நாம் கேட்கும் வழக்கமான சிற்றலை ஒலிபரப்பில், திறனில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல், பேச்சைச் சுமந்துவரும் வெறும் ஊர்தி அலைக்கே போய்விடுகிறது. அதில் ஒரு வார்த்தை கூட இல்லை. மீதியிலும் ஒரே பேச்சு, ஊர்தியின் அதிர்வெண்ணுக்குச் சற்று மேலே ஒன்று, சற்றுக் கீழே ஒன்று என்று இரண்டு பக்கத்தில் இரண்டு பிரதியாகப் போகிறது. ஹாம்களும் விமானங்களும் கப்பல்களும் ஊர்தியையும் ஒரு பிரதியையும் வெட்டி எறிந்துவிட்டு, மிச்சமுள்ள ஒற்றைப் பக்கத்தில் திறன் முழுவதையும் கொட்டுகின்றன. வாங்கும் செட் அந்த ஊர்தியைத் தானே உண்டாக்கிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். முள் சற்று விலகினாலும் குரல் வாத்து கத்துவது போல ஆகிவிடும். சாதாரண ரேடியோவில் ஹாம்களின் பேச்சு புரியாமல் போவது இதனால்தான்.

யாருக்கு இன்னும் வேண்டும்?

கடலடிக் கேபிளும் செயற்கைக்கோளும் வந்த பிறகு இது எதற்கு என்று கேட்பீர்கள். தமிழோசையே 2017 ஏப்ரலோடு சிற்றலையை விட்டுவிட்டது. நியாயமான கேள்வி.

அடுத்த முறை சிங்கப்பூர் விமானத்தில் வங்கக் கடலுக்கு மேலே போகும்போது யோசித்துப் பாருங்கள். விமானம் தரையோடு பேசும் வழக்கமான ரேடியோ நேர்கோட்டில் போவது. பத்துப் பதினொரு கிலோமீட்டர் உயரத்திலிருந்தும் ஏறத்தாழ 400 கிலோமீட்டருக்குத்தான் எட்டும். நடுக்கடலில் அந்த எல்லை தாண்டிவிடும். அங்கே விமானி தான் எங்கே இருக்கிறேன், அடுத்த புள்ளியை எத்தனை மணிக்குக் கடப்பேன் என்று சிற்றலையில் சொல்வது நெடுங்கால வழக்கம். இப்போது செயற்கைக்கோள் வழியாக எழுத்துச் செய்தியும் போகிறது, ஆனால் சிற்றலை செட்டை யாரும் கழற்றிப் போடவில்லை. மணிக்கணக்கில் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தால் விமானி பைத்தியமாகிவிடுவார் இல்லையா? அதற்காக ஒவ்வொரு விமானத்துக்கும் நான்கு எழுத்துக் குறி கொடுத்திருக்கிறார்கள். தரை நிலையம் அந்த எழுத்துகளுக்குரிய சுருதிகளை அனுப்பினால், விமானி அறையில் அழைப்பு மணி போல 'டிங் டாங்' என்று அடிக்கும். அதுவரை ஒலியை அணைத்துவைக்கலாம்.

2004 டிசம்பரில் ஒரு ஹாம் குழு போர்ட் பிளேரில் இருந்தது. தில்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் தலைமையில், அந்தமானிலிருந்து உலக ஹாம்களோடு பேசுவதற்காகச் சிறப்பு அனுமதி வாங்கிப் போயிருந்தார்கள். அந்தமான் போன்ற அரிய இடத்திலிருந்து ஒரு அழைப்பு வந்தால் ஹாம்களுக்குத் திருவிழாதான், உலகம் முழுக்க வரிசையில் நின்று கூப்பிடுவார்கள். 26-ஆம் தேதி காலை நிலநடுக்கம், அதைத் தொடர்ந்து சுனாமி. தொலைபேசி போய்விட்டது. பொழுதுபோக்குக்காகக் கொண்டுபோன அதே செட்டுகள் சில மணி நேரத்தில் தீவுக்கும் வெளியுலகுக்கும் இடையே செய்தி கடத்தத் தொடங்கின. இன்னார் உயிரோடு இருக்கிறார், இன்ன இடத்தில் இருக்கிறார் என்ற ஒருவரிச் செய்திகள். போர்ட் பிளேரிலிருந்து சென்னை 1,360 கிலோமீட்டர். இடையில் கோபுரம் வேண்டாம், கேபிள் வேண்டாம். ஒரு கார் பேட்டரியும் ஒரு கம்பியும் போதும் என்பது பெருமைக்குச் சொல்வது இல்லை, உண்மையாகவே தேவை அவ்வளவுதான்.

இன்னொரு முனையில், பங்குச் சந்தைக்காரர்களும் சிற்றலைப் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். கண்ணாடி இழைக்குள் ஒளி, வெற்று வெளியில் போகும் வேகத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில்தான் போகிறது. காற்றில் போகும் ரேடியோ அலைக்கு அந்தத் தாமதம் இல்லை. சிகாகோவிலிருந்து ஐரோப்பாவுக்குச் சில மில்லிசெகண்டு முந்திவிட்டால் லாபம். நூறு வருடத்துக்கு முன் பையன்களுக்கு ஒதுக்கிய புறம்போக்கில் இப்போது இவர்கள்.

எழுத்துச் செய்திக்கு இன்னும் குறைந்த சக்தி போதும். எஃப்டி8 என்ற முறை 2017-இல் வந்தது. அதை உருவாக்கிய இருவரில் ஒருவர் ஜோ டெய்லர், 1993-இல் இயற்பியலுக்கு நோபல் வாங்கியவர். பதினைந்து வினாடிக்கு ஒரு குட்டிச் செய்தி, இரைச்சலுக்குள் மூழ்கிக் காதுக்கு எட்டாததையும் கணினி பிடித்துவிடும். ஐந்து வாட்டில் உலகம் சுற்றலாம். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை, நாய் குரைப்பது கேட்காதே.

சூரியன் கோபித்துக்கொண்டால்

கூரையைக் கட்டுவது சூரியன் என்பதால், சூரியன் சரியில்லை என்றால் கூரையும் சரியிருக்காது. சூரியப் புள்ளிகள் சுமார் 11 வருடத்துக்கு ஒருமுறை பெருகிக் குறையும். பெருகிய வருடங்களில் எஃப் அடுக்கு கெட்டியாகி 28 மெகாஹெர்ட்ஸ் வரை திருப்பும், சின்ன செட்டுக்கும் நல்ல காலம். குறைந்த வருடங்களில் அந்த மேல் பட்டைகள் வாரக்கணக்கில் செத்துக் கிடக்கும்.

திடீர் வெடிப்பு வேறு வகை. சூரியனில் பெரிய தீப்பிழம்பு எழுந்தால் எட்டே கால் நிமிடத்தில் அதன் எக்ஸ் கதிர் இங்கே வந்துசேரும். பகல் பக்கத்தில் இருக்கும் டி அடுக்கு ஒரேயடியாக ஊறிப்போகும், சிற்றலை முழுக்கப் படுத்துவிடும். 2017 செப்டம்பர் 6 அன்று அப்படி ஒரு பெரிய வெடிப்பு. அதே நாளில் கரீபியன் தீவுகளை இர்மா புயல் அடித்துக்கொண்டிருந்தது. அவசரத் தகவலுக்குச் சிற்றலையை நம்பியிருந்தவர்களுக்கு, மிகவும் தேவையான நேரத்தில் அது காணாமல் போனது. இதன் பலவீனத்தையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

நம் பக்கத்து வானத்துக்கென்று ஒரு குணம் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு தென்கோடி இந்தியாவை ஒட்டிப் போகிறது. அந்தக் கோட்டுக்கு மேலே, பகலில் நூறு கிலோமீட்டர் உயரத்தில் ஒரு மின்னோட்டம் ஆறு போல ஓடும். 1963 நவம்பரில் இந்திய மண்ணிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட்டை ஏவத் திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். கொடைக்கானலிலும் திருநெல்வேலியிலும் இந்த வானத்தை அளந்து வந்திருக்கிறார்கள். சில நாள்களில், சூரியன் மறைந்த சில மணி நேரத்துக்குள் நம் தலைக்கு மேலே எஃப் அடுக்கு கொந்தளித்து, குமிழி குமிழியாகக் கிழிந்துவிடும். அந்த வழியாக வரும் குரல், ஓடுகிற மின்விசிறிக்கு முன்னால் நின்று பேசியது போல நடுங்கும். தமிழோசைக் குரல் சில இரவுகளில் அப்படி நடுங்கியபோது, செட்டின் தலையில் தட்டினால் சரியாகும் என்று எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை இருந்தது.

கேட்டுப் பார்க்க ஆசை வந்தால் செலவு அதிகமில்லை. சிற்றலை உள்ள ரேடியோ ஒன்று போதும். அதுவும் வேண்டாம் என்றால், நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம் தன் ரேடியோவை இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது, உலாவியிலேயே முள்ளைத் திருப்பலாம். ஆனால் அது அவர்கள் ஊர் வானம். நம் வானத்தைக் கேட்க நம் மாடிக்குத்தான் போகவேண்டும். வீட்டுக்குள் எல்இடி பல்பும் சார்ஜரும் இன்வெர்ட்டரும் சேர்ந்து போடும் கூச்சலில் மெல்லிய நிலையம் எதுவும் தேறாது. பத்து மீட்டர் சாதாரணக் கம்பியை ரேடியோவின் ஏரியலில் சுற்றிவிட்டு, மறுமுனையைத் துணிக்கொடியில் கட்டுங்கள். இடி மின்னல் நாளில் மட்டும் வேண்டாம். கேட்க உரிமம் தேவையில்லை. பேசவேண்டும் என்றால் மத்திய அரசின் தேர்வு எழுதி, அழைப்புக் குறி வாங்க வேண்டும்.

முள்ளை முதலில் 10 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். வினாடிக்கு ஒரு 'டிக்' கேட்டால் அது பெரும்பாலும் சீனாவின் ஷான்சி மாகாணத்திலிருந்து வரும் நேரக் குறிப்பு நிலையம், சென்னையிலிருந்து சுமார் 3,800 கிலோமீட்டர். அரை மணிக்கு ஒருமுறை மோர்ஸில் தன் குறியைத் தட்டும். அதே 'டிக்' 5 மெகாஹெர்ட்ஸிலும் இரவு பகலாகப் போய்க்கொண்டிருக்கிறது. மத்தியானம் 5-இல் தேடுங்கள், இரைச்சல்தான் இருக்கும். பொழுது சாய்ந்து ஒரு மணி நேரம் கழித்து மறுபடி தேடுங்கள். எத்தனை மணிக்கு முதல் 'டிக்' காதில் விழுந்தது என்று காலண்டர் அட்டையின் பின்பக்கம் குறித்துவையுங்கள். மார்கழியில் ஒருமுறை, ஆனியில் ஒருமுறை.